ஆராதனை பத்தரைக்கு, முட்டம் வேறொரு நாளுக்கு

கேள்வி: ஜனவரி கடைசி வாரம் என் தங்கைக்குக் கல்யாணம். எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டம் குழித்துறைப் பக்கம். எங்கள் சபை ஆலயத்திலேயே பகல் 11 மணிக்குத் திருமண ஆராதனை, அதன்பின் தக்கலைப் பக்கம் ஒரு மண்டபத்தில் வரவேற்பும் சாப்பாடும் என்று பேசியிருக்கிறோம். 800 பேர் வரை வருவார்கள். மாப்பிள்ளை வீடு நாகர்கோவில். மாலை 5.30-க்குள் பெண்ணும் மாப்பிள்ளையும் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். போட்டோக்காரரோ 4 மணியிலிருந்து சூரிய அஸ்தமனம் வரை முட்டம் கடற்கரை வேண்டும் என்கிறார். எங்கள் பெரியண்ணன் கல்யாணத்தில் போட்டோவுக்காகவே நின்று நின்று, மணமக்கள் சாப்பிட உட்காரும்போது 4 மணி. அவ்வளவு எடுத்தும் ஆச்சியோடு அண்ணனும் மைனியும் சேர்ந்த படம் ஒன்றுகூட இல்லை. இந்த முறை நேரத்தை எப்படிப் பிரிக்கலாம்? அழைப்பிதழ் இன்னும் அச்சுக்குப் போகவில்லை.

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தின் கடைசி வரிதான் நல்ல செய்தி. அச்சுக்குக் கொடுக்குமுன் போதகரைப் பார்த்து, 11 மணியை 10.30 ஆக்க முடியுமா என்று கேளுங்கள். மற்ற எந்த மாற்றத்தையும்விட அந்த அரைமணி நேரம்தான் அன்றைக்கு உங்களைக் காப்பாற்றும்.

காரணம் கணக்கில் இருக்கிறது. பாட்டு, பிரசங்கம், உடன்படிக்கை, தாலி, மோதிரம், ஆசீர்வாதம் எல்லாம் சேர்ந்து ஆராதனைக்கு 1 மணி 10 நிமிடம் வையுங்கள். பதிவேட்டில் கையெழுத்துக்கு 10 நிமிடம், ஆலயத்தில் குடும்பப் படங்களுக்கு 25 நிமிடம். அங்கிருந்து தக்கலைக்கு முகூர்த்த நாள் நெரிசலில் 40 நிமிடம். மண்டபத்தில் புடவை மாற்ற 30 நிமிடம். 11 மணிக்குத் தொடங்கினால் இருவரும் மேடை ஏற 1.55 ஆகிவிடும். ஜெபம், கேக், வாழ்த்துரைக்கு 20 நிமிடம் போனால் 2.15. அதன்பிறகுதான் மேடை வரிசை. 800 பேர் தனித்தனியாக வரமாட்டார்கள். குடும்பம் குடும்பமாக ஏறினால் 250 கூட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு கூட்டம் ஏறி, கைகொடுத்து, படத்துக்கு நின்று இறங்க 20 விநாடி என்றாலே ஏறக்குறைய 85 நிமிடம். மணி 3.40. அப்புறம் இலை போட்டு உட்கார்ந்தால் அண்ணன் கல்யாணத்து 4 மணிச் சாப்பாடு அப்படியே திரும்ப வரும். இதில் போட்டோக்காரர் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அவர் கேட்ட நேரத்தைவிட, யாருமே கணக்கில் வைக்காத பயணமும் புடவை மாற்றமும் மேடை வரிசையும்தான் அதிகம் தின்கின்றன. 10.30-க்குத் தொடங்கினால் இதே ஓட்டத்தில் 3.10-க்கு மணமக்கள் சாப்பிட உட்காரலாம்.

இனி காலையிலிருந்து பார்ப்போம். ஜனவரி கடைசியில் நம் பக்கம் சூரியன் 6.40-ஐ ஒட்டி உதிக்கும். பெண்ணுக்கு மேக்கப், தலையலங்காரம், புடவை மூன்றுக்கும் சேர்த்து இரண்டரை மணி நேரம். 10.30 ஆராதனைக்கு 10 மணிக்கு ஆலய வாசலில் இருக்க வேண்டும், வீட்டிலிருந்து 9.40-க்குக் கிளம்ப வேண்டும். அதற்குமுன் வீட்டு ஜெபத்துக்கு 15 நிமிடம். பெற்றோர், உடன்பிறந்தோரோடு வீட்டுப் படங்களுக்கு 20 நிமிடம். பெண்ணைத் தனியாக எடுக்க 25 நிமிடம். பின்னோக்கி எண்ணினால் 8.40-க்கு மேக்கப் முடிந்திருக்க வேண்டும். அப்படியானால் 6 மணிக்கு உங்கள் தங்கை குளித்து, நாலு இட்லியாவது சாப்பிட்டு, நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். மேக்கப் செய்பவரிடம் “எட்டரைக்கு முடியணும்” என்று சொல்லுங்கள். 10 நிமிடம் நழுவத்தான் செய்யும். அவர் அம்மாவுக்கும் சித்திக்கும்கூடச் சேலை கட்டிவிடுவார் என்று பேசியிருந்தால் உதவியாளர் ஒருவரைக் கூட்டி வரச் சொல்லுங்கள். பல வீடுகளில் காலை நேரம் கைவிட்டுப் போவது இங்கேதான்: பெண்ணுக்குப் பாதி முடிந்திருக்கும்போது வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக “எனக்கு மடிப்பு மட்டும் எடுத்து விடுங்க” என்று வந்து நிற்பார்கள்.

வெள்ளைப் புடவையையும் மண்டபத்தில் மாற்றும் பட்டுச் சேலையையும் முந்தின நாளே மடிப்பு எடுத்து, தேய்த்து, கிளிப் போட்டு வைத்துவிடலாம். ரவிக்கைகளின் கொக்கியை முந்தின நாள் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். ஊசி, ஊக்கு, கறுப்பும் வெள்ளையுமாய் நூல், சின்னக் கத்திரி எல்லாம் ஒரே டப்பியில் போட்டு, அந்த டப்பி யார் கையில் என்பதையும் முடிவு செய்யுங்கள். ஆலயத்துக்கும் மண்டபத்துக்கும் அது பெண்ணின் காரிலேயே வர வேண்டும்.

7.30 மணி அளவில், மேக்கப் நடந்துகொண்டிருக்கும்போதே, தாலி, மோதிரம், நகை, அழைப்பிதழ், வேதாகமம், பூச்செண்டு, செருப்பு அனைத்தையும் ஒரு தட்டில் எடுத்து ஜன்னலோரம் வையுங்கள். போட்டோக்காரர் 15 நிமிடத்தில் முடித்துவிடுவார். தட்டில் இல்லாவிட்டால் ஒவ்வொன்றாக அலமாரியிலிருந்து வந்து முக்கால் மணி நேரம் போகும். மோதிரமும் தாலியும் மாப்பிள்ளை வீட்டில் இருந்தால் அங்கே எடுக்கட்டும். நகைத் தட்டின் அருகில் வீட்டு ஆள் ஒருவர் படம் முடியும்வரை உட்கார்ந்திருக்கட்டும். கல்யாண வீட்டில் வாசல் எப்போதும் திறந்தே கிடக்கும்.

பெண் தயாராகும் அறையைத் தேர்ந்தெடுக்கும்போது பெரிய அறையைத் தேடாதீர்கள். பெரிய ஜன்னலைத் தேடுங்கள். நாற்காலியை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் போட்டு, டியூப் லைட்டையும் மஞ்சள் பல்பையும் அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சமும் டியூப் வெளிச்சமும் கலந்தால் முகத்தின் ஒரு பக்கம் பச்சையோடும் மறுபக்கம் நீலத்தோடும் விழும். பிறகு கம்ப்யூட்டரில் திருத்தினாலும் வெள்ளைப் புடவை காட்டிக்கொடுத்துவிடும். கட்டில் மேல் கிடக்கும் பைகள், பெட்டிகள், டிபன் பாத்திரங்களை முந்தின இரவே வேறு அறைக்கு மாற்றுங்கள்.

பூவுக்குத் தோவாளை சந்தையை நம்பியிருந்தால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பனிக்காலத்தில் மல்லி வரத்து குறைவு. முகூர்த்த நாளென்றால் விலையும் ஏறும், கிடைப்பதும் சந்தேகம். பூச்செண்டின் தண்டு வீட்டை விட்டுக் கிளம்பும்வரை தண்ணீரில் இருக்கட்டும். வெள்ளை ரோஜாவின் ஓரம் பழுப்பாகிவிட்டால் வெள்ளைப் புடவைக்கு எதிரே அதுதான் கண்ணில் படும்.

ஒரே போட்டோக்காரர் பெண் வீட்டையும் மாப்பிள்ளை வீட்டையும் எடுக்க முடியாது. நடுவில் 30 கிலோமீட்டர் இருக்கிறது. நாகர்கோவிலில் 7 மணிக்கு இரண்டாவது ஆள் போய், 8 மணிக்குள் மாப்பிள்ளையையும் அவர் குடும்பத்தையும் முடித்துவிட வேண்டும். மாப்பிள்ளை வண்டி 8.15-க்குக் கிளம்பட்டும். தேசிய நெடுஞ்சாலையில் தக்கலையும் மார்த்தாண்டமும் முகூர்த்த நாளில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒன்றரை மணி நேரம் ஒதுக்குவது மிகையல்ல. போட்டோக்காரரின் வண்டி எப்போதும் மணமக்கள் காருக்கு முன்னே போக வேண்டும். பின்னே வந்தால் பெண் காரிலிருந்து இறங்கும் படம் கிடைக்காது. அதை இரண்டாம் முறை இறங்கச் சொல்லித்தான் எடுப்பார்கள், அதில் 10 நிமிடம் போகும்.

ஆலயத்துக்குள் என்னென்ன அனுமதி என்று ஒரு வாரம் முன்பே போதகரிடம் போட்டோக்காரரை நேரில் கூட்டிப் போய்க் கேளுங்கள். பீடத்துக்கு எவ்வளவு அருகே போகலாம், ஜெப வேளையில் நடமாடலாமா, பிளாஷ் கூடுமா, மேல்மாடத்தில் ஆள் நிற்கலாமா என்பவை சபைக்குச் சபை மாறும். கத்தோலிக்கத் திருப்பலியானாலும் பங்குத்தந்தையிடம் கேட்க வேண்டியவை இவையே. பிளாஷ் கூடாது என்றால் கவலைப்பட வேண்டாம். காலை நேரத்தில் ஜன்னல் வெளிச்சம் வரும், ஐ.எஸ்.ஓ. என்னும் வெளிச்ச உணர்திறன் 3200, நிறைய வெளிச்சத்தை உள்ளே விடும் எப் 2.8 லென்ஸ், 160-ல் ஒரு பங்கு விநாடி வேகம் என்றால் இன்றைய கேமராக்கள் தாராளமாகச் சமாளிக்கும். ஒருவர் முன்பக்கம் பெண்ணின் முகம் தெரியும் மூலையிலும், மற்றவர் நடுவழியின் பின்னாலோ மேல்மாடத்திலோ நின்றுவிட்டால் ஆராதனை முழுக்க யாரும் ஓட வேண்டியதில்லை.

தாலி கட்டும் படம் கெடுவதற்கு இரண்டு காரணங்கள். மணமக்களுக்கு முன்னால் நிற்கும் மைக் தண்டு முகத்தை மறைக்கும். உடன்படிக்கை முடிந்ததும் அதை ஒருவர் நகர்த்த வேண்டும் என்று முன்பே பேசி வைக்கலாம். மற்றது நம் உறவினர்களின் செல்போன். நடுவழியில் பத்துக் கைகள் நீண்டால் எந்த லென்ஸும் உதவாது. ஆராதனை தொடங்குமுன் போதகரே ஒரு வார்த்தை சொன்னால் சபை கேட்கும். நீங்கள் சொன்னால் மனத்தாங்கல்தான் மிஞ்சும்.

இனி ஆச்சி படத்துக்கு வருவோம். அண்ணன் கல்யாணத்தில் அது விட்டுப்போனதற்குக் காரணம், குடும்பப் படங்களை மண்டபத்துக்கு ஒதுக்கிவைத்ததாகத்தான் இருக்கும். மண்டபத்துக்குள் நுழைந்ததும் பாதிப்பேர் பந்திக்குப் போய்விடுவார்கள், சாப்பிட்டவர்கள் பஸ்ஸைப் பார்க்கப் போவார்கள், வயதானவர்களை யாராவது அறையில் படுக்கவைத்துவிடுவார்கள். எல்லாரும் ஒரே இடத்தில், நல்ல உடையில், வேறு வேலையின்றி இருக்கும் நேரம் அன்றைக்கு ஒன்றே ஒன்றுதான்: ஆராதனை முடிந்த உடனே, ஆலயத்துக்குள். நெருங்கிய குடும்பப் படங்கள் அனைத்தையும் அங்கேயே, போதகர் அனுமதியோடு பீடத்துக்குக் கீழே எடுத்துவிடுங்கள்.

12 கூட்டத்துக்கு மேல் வேண்டாம். அடுத்த கூட்டம் முன்வரிசைப் பெஞ்சில் தயாராக உட்கார்ந்திருந்தால் ஒன்றுக்கு 2 நிமிடம். மொத்தம் 25 நிமிடத்துக்குள் முடியும். “பெரியப்பா எங்கே?” என்று தேட ஆரம்பித்தால் ஒன்றுக்கு 5 நிமிடம், மொத்தம் ஒரு மணி நேரம். வரிசையும் முக்கியம். முதல் படம் ஆச்சி, தாத்தா, கைக்குழந்தைகள். ஆச்சிக்கு ஒரு நாற்காலி போட்டு, மணமக்கள் அவர் இருபக்கமும் வரட்டும். அவரை எழுப்பி நடக்கவைக்க வேண்டாம். அடுத்து பெண்ணின் அப்பா அம்மா, அவர்களோடு அண்ணன்மாரும் மைனிமாரும், அதே இடத்தில் பெரியப்பா சித்தப்பா குடும்பங்கள், அப்புறம் மாமா அத்தை வழி. நிற்பவர்களோடு ஆட்களைக் கூட்டிக்கொண்டே போனால் யாரும் ஏறி இறங்க வேண்டியதில்லை. பிறகு மாப்பிள்ளை வீட்டார் இதே வரிசையில். கடைசியில் இரு வீட்டாரும் சேர்ந்து ஒன்று.

பெயர்களோடு இந்தப் பட்டியலைத் தாளில் அச்சடித்து, இரு வீட்டிலும் ஒவ்வொருவரிடம் கொடுங்கள். அந்த ஆள் நீங்களாக இருக்கக் கூடாது. நீங்கள் பாதிப் படங்களில் நிற்க வேண்டியவர். மீதி நேரம் பணம் கொடுக்கவும் வண்டி அனுப்பவும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். எல்லார் முகமும் தெரிந்த, சத்தமாகக் கூப்பிடத் தயங்காத ஒரு சித்தப்பா மகனோ மைனியோ போதும். போட்டோக்காரருக்கு யார் சித்தி யார் அத்தை என்று தெரியாது. ஆச்சி படம் எடுக்காதது அவர் மறதியும் அல்ல; ஆச்சி யாரென்று அவருக்கு யாரும் காட்டியிருக்கமாட்டார்கள்.

ஆலயத்துக்கு வெளியே படிக்கட்டில் ஊரே நிற்கும் பெரிய படம் எல்லாருக்கும் ஆசைதான். ஆனால் ஜனவரி கடைசியில் நம் மாவட்டத்தில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, 12.30-ஐத் தாண்டி. நீங்கள் வெளியே வரும் 12.15-க்கு வெயில் தலைமேல் நின்று, கண்ணுக்கடியிலும் மூக்குக்கடியிலும் கறுப்பு நிழல் விழும். வெள்ளைப் புடவை வெளுத்துப்போகும், மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டில் ஒன்றும் தெரியாது. முகப்பு மண்டபத்தின் நிழல் விளிம்பிலிருந்து இரண்டடி உள்ளே மணமக்களை நிறுத்தினால் வெளி வெளிச்சம் மட்டும் முகத்தில் மெதுவாக விழும். 5 நிமிடத்தில் முடித்துவிட்டுக் காரில் ஏற்றுங்கள். காரில் இருவருக்கும் பழமும், ஸ்ட்ரா போட்ட இளநீரும் வைத்திருங்கள். அடுத்த மூன்று மணி நேரத்துக்கு அவர்களை யாரும் சாப்பிடக் கூப்பிடமாட்டார்கள்.

மணமக்கள் வரும்வரை பந்தி காத்திருக்க வேண்டியதில்லை. 12.30-க்கே முதல் பந்தி தொடங்கட்டும். சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பந்திக்கு 250 இலை, ஒவ்வொன்றும் 40 நிமிடம் என்றால் 800 பேருக்கு நாலு பந்தி, 3.10-க்கு முடியும். மணமக்கள் உட்காரும் நேரமும் அதுதான். இரண்டாவது போட்டோக்காரரும் வீடியோ உதவியாளரும் முதல் பந்தியிலேயே சாப்பிடட்டும், தலைமை போட்டோக்காரர் மணமக்கள் புடவை மாற்றும் அரைமணியில் சாப்பிடட்டும். விடிகாலை எழுந்து வந்தவர்களைக் கடைசிப் பந்திக்குத் தள்ளினால், கேக் வெட்டும்போது ஒருவர் கைகழுவும் இடத்தில் நிற்பார்.

புடவை மாற்ற 30 நிமிடம் என்று சொன்னது, கொண்டையைக் கலைக்காமல் பூவை மட்டும் மாற்றினால்தான். முழுத் தலையலங்காரமும் மாற வேண்டுமென்றால் ஒரு மணி நேரம் போகும். இதைத் தங்கையிடம் இப்போதே பேசிவிடுங்கள். அன்றைக்கு மண்டப அறையில் வைத்துப் பேச முடியாது.

மேடையில் எல்.இ.டி. திரை வைப்பதாக இருந்தால், அதன் வெளிச்சத்தைப் பாதி அளவுக்கும் கீழே குறைக்கச் சொல்லுங்கள். முழு வெளிச்சத்தில் அது ஓடினால் மணமக்கள் முகம் இருட்டாகும், படத்தில் கோடு கோடாகவும் விழும். ஊதா, நீல விளக்குகள் மணமக்கள் நடந்து வரும்போது எரியட்டும். மேடையில் நின்றபின் வெள்ளை விளக்கு மட்டும். தோலில் ஏறிய ஊதா நிறத்தை எந்த ஆல்பத்திலும் முழுதாக எடுக்க முடியாது. மண்டப மேலாளரிடமும் அலங்காரக்காரரிடமும் இதைத் தனித்தனியாகச் சொல்ல வேண்டும், ஒருவர் போட்டதை மற்றவர் அணைக்கமாட்டார். வீடியோ விளக்குகளுக்குத் தனி பிளக் லைன் கேளுங்கள், ஜெனரேட்டருக்கு மாறும்போது அது அணையாமல் இருக்குமா என்றும் கேளுங்கள்.

3.10-க்கு உட்கார்ந்து 3.40-க்கு எழுந்தால், மண்டப வளாகத்தின் கிழக்குப் பக்கச் சுவரின் நிழலில் 25 நிமிடம் இருவரையும் மட்டும் எடுக்கலாம். கட்டடம் தரும் திறந்த நிழல் நம்பகமானது. பக்கத்தில் ரப்பர் தோட்டம் இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். ரப்பர் மரம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையில்தான் இலை உதிர்க்கும். வெயில் திட்டுத் திட்டாக முகத்தில் விழும். வாழைத்தோப்பென்றால் பச்சை நிறம் முகத்தில் ஏறும். தக்கலை என்றதும் பத்மநாபபுரம் அரண்மனையையும் சொல்வார்கள். அது கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருப்பது, திங்கட்கிழமை விடுமுறை; தொழில்முறைப் படப்பிடிப்புக்கு அங்கே முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும். கல்யாண நாளில் அதைத் தொடவே வேண்டாம்.

4.15-க்குக் கிளம்பினால் நாகர்கோவிலுக்கு 5.10-க்குப் போய்ச் சேரலாம். முட்டத்தை நடுவில் செருக வழியே இல்லை. அன்று சூரியன் 6.25-ஐ ஒட்டி மறையும். நல்ல வெளிச்சம் 5.30-க்குப் பிறகுதான் வரும், போட்டோக்காரர் கேட்கும் 4 மணிக்குக் கடற்கரையில் வெறும் வெயில்தான். மாப்பிள்ளை வீட்டார் கேட்ட 5.30-க்குள் போய்ச் சேருவதே உங்களுக்கும் லாபம். அந்தச் சாய்ந்த வெயில் அவர்கள் வீட்டு முற்றத்திலும் விழும். மாமியார் வாசலில் வந்து மருமகளைக் கைபிடித்து அழைத்துப்போகும் படம் அந்த வெளிச்சத்தில் கிடைப்பது கடற்கரையில் எடுக்கும் நூறு படங்களுக்குச் சமம். வாசலில் வாகனங்கள் நிறுத்தாமல் மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

முட்டத்தை மறுவீடு முடிந்த பிறகு, வாரநாள் ஒன்றுக்கு மாற்றுங்கள். ஞாயிறு கூட்டம் தாங்காது. 4.45-க்குப் போய், 5.15 முதல் 6.40 வரை எடுக்கலாம். ஜனவரி, பிப்ரவரியில் சூரியன் தெற்கே சாய்ந்து மறைவதால் முட்டத்திலும் சங்குத்துறைக் கடற்கரையிலும் நேராகக் கடலில் இறங்குவது தெரியும். உடைந்த கொண்டையும் களைத்த கண்ணும் இல்லாமல், மணல் பட்டாலும் கவலையில்லாத இலேசான புடவையில் எடுக்கலாம். பட்டுச் சேலையோடு பாறையில் ஏறச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பாசி பிடித்த பாறை வழுக்கும். அமைதியாகத் தெரியும் கடலிலேயே திடீரென்று பெரிய அலை ஏறும். 2024 மே மாதம் நம் மாவட்டத்து லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். இப்படித் திடீரென்று கடல் பொங்குவதைத்தான் கள்ளக்கடல் என்பார்கள்; அந்த எச்சரிக்கை இருக்கும் நாளில் போகவே கூடாது. மற்ற நாளிலும் ஈரமணல் கோட்டைத் தாண்டி நிற்கவைக்க வேண்டாம்.

டிரோன் பேசியிருந்தால், 250 கிராமுக்கு மேல் எடையுள்ளதைத் தொழிலுக்காகப் பறக்கவிட 2021 விதிகளின்படி இயக்குபவருக்குச் சான்றிதழ் வேண்டும். அது இருக்கிறதா, அந்த இடம் அனுமதி வேண்டாத பகுதியா என்று போட்டோக்காரரிடமே எழுத்தில் கேளுங்கள்.

இப்போதே போட்டோக்காரரிடம் பேச வேண்டியது இன்னும் ஒன்று உண்டு: முட்டம் வேறு நாளுக்குப் போவதால் கூடுதல் கட்டணம் எவ்வளவு என்பது. அரைநாள் கட்டணம் கேட்பது நியாயம், கொடுத்துவிடுங்கள். நேரத்தாளை ஒரே பக்கத்தில் அடித்து, போட்டோக்காரர், மேக்கப் செய்பவர், மண்டப மேலாளர், சமையல் பொறுப்பாளர், இரண்டு கார் ஓட்டுநர்கள், பட்டியல் வைத்திருக்கும் இருவர் ஆகியோருக்கு மூன்று நாள் முன்பே கொடுங்கள். அதில் எல்லா நேரமும் வேண்டாம். 8.40 மேக்கப் முடிவு, 9.40 வீட்டிலிருந்து கிளம்புதல், 11.50 ஆலயத்தில் ஆச்சியோடு முதல் படம், 12.20 கார், 1.30 மேடை, 3.10 மணமக்கள் சாப்பாடு, 4.15 நாகர்கோவில் பயணம். இந்த ஏழும் போதும்.